ஆறு பேர் நின்ற தோணி

“சாமி, ஏழாவது ஆளை எழுதினா அவன் செத்துப்போறான். எழுதாம விட்டா அவன் பெண்சாதி அழிஞ்சுபோறா. நான் என்ன செய்ய?”

சித்திரக்காரர் அழகிரி ராஜு மணல்மேட்டின் மேல் வந்து நின்று இதைக் கேட்டபோது உச்சிப் பொழுது. கையில் வண்ணப் பெட்டி இருந்தது. காலில் செருப்பு இல்லை. அதை எங்கே கழற்றினோம் என்பது அவருக்கு நினைவில்லை.

மணல்மேட்டுச் சாமி கஞ்சிச் சட்டியை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காரும். அடியிலே கரி பிடிச்சிருக்கு.”

ராஜு உட்கார்ந்தார்.

சாமி அவரைவிடப் பதினைந்து வயதேனும் இளையவர். நரைத்த தலை கறுத்த தலையைக் கும்பிடுகிறதே என்று புன்னைத்துறைப் பட்டினத்தார் சிரித்ததுண்டு. ராஜு அதைப் பொருட்படுத்தியதில்லை. ஒரு சித்திரத்தை எழுதி முடித்தால், அதைத் துணியில் சுற்றிக்கொண்டு முதலில் இந்த மேட்டுக்குத்தான் வருவார். சாமி அதை நெடுநேரம் பார்ப்பார். பிறகு, கஞ்சி குடிக்கிறீரா என்று கேட்பார்.

அவ்வளவுதான்.

‘சரியாக இருக்கிறது’ என்னும் ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்பது ராஜுவின் பல்லாண்டு ஆசை. மற்ற வாய்களிலிருந்து அது அவருக்குத் தாராளமாகவே கிடைத்திருந்தது. கண் கண்டதைக் கண்டபடி எழுதுகிறவர் என்பது பட்டினத்தில் அவருக்கு இருந்த பெயர். வண்டிமாட்டுக்கு ஒரு கொம்பு முறிந்திருந்தால் சித்திரத்திலும் அது முறிந்தே இருக்கும். ஒரு செட்டியார் தம் மூக்கின் மேலிருந்த மருவை மட்டும் எடுத்துவிடும்படி மன்றாடினார், ராஜு மறுத்துவிட்டார். ராஜு எழுதியதைக் கோர்ட்டில் சாட்சியாக வைக்கலாம் என்று கடைத்தெருவில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ராஜு முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். மகிழ்ச்சி வெளியே தெரிந்துவிடக் கூடாதல்லவா?

சாமியையும் ஒருமுறை எழுத விரும்பினார்.

“கூடவே இந்தக் காக்கையும் வருமா?” என்று கேட்டார் சாமி. சட்டியின் அருகே ஒரு நொண்டிக் காக்கை தத்திக்கொண்டிருந்தது.

“அது எதுக்கு, சாமி? பார்க்க நல்லா இருக்காது.”

“அப்ப நானும் வேண்டாம்.”

அன்று ராஜு சிரித்துக்கொண்டே மேடிறங்கினார்.

இன்று காக்கை இல்லை. சிரிப்பும் இல்லை.

“சொல்லும்,” என்றார் சாமி, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ராஜு சொன்னார்.

பட்டினத்தில் தோணிகள் வைத்து வாணிகம் செய்த உதுமான் மரைக்காயர், கொழும்பில் ஒரு வெள்ளைக்கார வர்த்தகர் வீட்டுச் சுவரில் பாய்க்கப்பல்களின் சித்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். தம் தோணிகளுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று ராஜுவை அழைத்துச் சொன்னார். தங்க ரேக்கு வேண்டாம், பூமாலை வேண்டாம், உழைக்கிற தோணி உழைக்கிறபடியே இருந்தால் போதும் என்பது அவர் சொல்.

வைகாசியில் ஒரு விடியற்காலை, யாழ்ப்பாணத்துக்கு நெல் ஏற்றிய மூன்று தோணிகள் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்பட்டன. கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்தின் மேல் அமர்ந்து ராஜு கரிக்கோடு இழுத்தார். வீடு திரும்பியதும் துணி ஒட்டிய பலகையில் வண்ணம் தீட்டத் தொடங்கினார். வாழ்நாளெல்லாம் தெய்வங்களை எழுதிய கைக்கு அதுவே முதற்கடல். உண்ணவும் மறந்து எழுதினார்.

நடுத்தோணிதான் சித்திரத்தின் உயிர். அதன் பெரும்பாயில் இருந்த ஒட்டுகள் அனைத்தும் சித்திரத்திலும் இருந்தன. அவற்றுள் ஒன்று வெளுத்துப்போன சேலைத்துணி என்பதுகூடத் தெரிந்தது. விரிசல் கண்ட பாய்மரத்தில் சுற்றியிருந்த கயிறு இருந்தது. தோணியின் முன்முனையான அணியத்தில் ஒரு கூடை இருந்தது. கூடையிலிருந்து ஒரு சேவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மரைக்காயர் சேவலைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தோணியை நடத்தும் தண்டல் மாசிலாமணி அந்தச் சேவல் இல்லாமல் கடலேற மாட்டார் என்பது ஊரறிந்தது.

வண்ணம் காயுமுன் செய்தி வந்தது.

முன்தோணியும் பின்தோணியும் திரும்பின. நடுத்தோணி திரும்பவில்லை. கோடியக்கரைக்கு அப்பால் புயலில் அது கவிழ்ந்ததைப் பின்தோணிக்காரர்கள் தங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதில் போன ஏழு பேரில் ஒருவரையும் எடுக்க இயலவில்லை.

மரைக்காயர் அந்தச் சித்திரத்தைத் தம் பண்டகசாலைக் கூடத்தில் மாட்டினார். மாண்டவர்களின் வீட்டார் வந்து பார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவைத்தார். பார்ப்பதற்கு உடல்கூட இல்லாதவர்களுக்கு அதையாவது கொடுப்போம் என்று நினைத்தார், பாவம்.

பெண்கள் வந்தார்கள்.

முதலில் தண்டலின் மனைவி அமிர்தம் வந்தாள். சுக்கானருகே சிவப்பு முண்டாசு கட்டி நின்ற உருவத்தைக் கண்டதும், அன்றைக்குத் தான் எடுத்துக் கொடுத்த துணி அதுதான் என்று சொல்லித் தரையில் சாய்ந்தாள். குனிந்து கயிறு இழுப்பவன் தன் மகன் என்றாள் ஒரு கிழவி. காலை அகட்டி நிற்பவர் எங்கள் அத்தான், தோணியிலும் கல்யாணப் பந்தலிலும் அவர் ஒருவர்தான் அப்படி நிற்பார் என்று ஒருத்தி சொல்லிவிட்டு, அழுகைக்கு நடுவே சிரித்தாள். இப்படி ஒவ்வொருத்தியும் தன் ஆளைக் கண்டுகொண்டாள். ராஜு கூடத்தின் ஓரத்தில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தம் கைக்கு இப்படியொரு பெருமையா என்று அவர் நெஞ்சு நிறைந்தது. அதை நினைக்கத்தான் இப்போது கூசியது.

கடைசியாக வந்தவள் தையல்நாயகி. நடுத்தோணியில் போன சிங்காரத்தின் மனைவி. பார்த்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வராமல் இருந்தவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். இடுப்பில் பெண் குழந்தை.

அவள் சித்திரத்தைப் பார்த்தாள். இது எங்களவர், அது அவள் தம்பி என்று மற்றவர்கள் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொல்லி முடித்தபோது மிச்சம் ஒருவரும் இல்லை. தொடாமல் விரலை நீட்டி ஒருமுறை எண்ணினாள்.

ஆறு.

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல், இந்த நடை போகாதே என்று அன்றைக்கு அவள் கணவனிடம் சண்டை போட்டிருந்தாள். அவனும் கத்திவிட்டுத்தான் வெளியே போனான். அவன் தன் சொல்லைக் கேட்டிருக்கிறான், தோணியில் ஏறவில்லை, கோபத்தில் எங்கேயோ கிடக்கிறான் என்றாள். பின்தோணிக்காரர்களைக் கூப்பிட்டு, ஏழு பேரும் ஏறியதை எண்ணினீர்களா என்று கேட்டாள். இருட்டில் ஏறியவர்களை எவர் எண்ணுவார்?

பிறகு ராஜுவின் பக்கம் திரும்பினாள்.

“அய்யா, பார்க்காததை எழுத மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“பார்த்ததை விட மாட்டீங்களே?”

கூடம் முழுதும் ராஜுவைப் பார்த்தது. மரைக்காயரும் பார்த்தார்.

“மாட்டேன்,” என்றார் ராஜு.

சாமியின் கை சட்டியில் நின்றது.

ஒரு கணம்தான். மீண்டும் தேய்க்கத் தொடங்கினார்.

ராஜு மீதியையும் சொன்னார். ஆறு வீடுகளில் கருமாதி முடிந்தது. ஏழாவது வீட்டில் மட்டும் அவனுக்கும் சேர்த்து உலை ஏறியது. தையல்நாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாக, நடவு நடக்கும் ஊர் ஊராகத் தேடினாள். அண்ணன்மார் வந்து அழைத்தும் போகவில்லை. அவர் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது என்றாள். அப்புறம் எவனோ ஒருவன், இலங்கைக் காப்பித் தோட்டத்தில் சிங்காரத்தின் சாயலில் ஓர் ஆளைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் அவள் பெயர் கொடுத்துவிட்டாள்.

“இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ளே படகு, சாமி. குழந்தையோட போறா. மலைக்குளிரு, காய்ச்சல்னு போனவங்க பாதிப் பேர் திரும்பலைன்னு சொல்றாங்க. இல்லாத ஆளைத் தேடிப் போறா.”

சாமி சட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“தோணியிலே எத்தனை பேர் இருந்தாங்க?”

“ஏழு.”

“எண்ணினீரா?”

“எண்ணினேன். வெளிச்சம் வந்திருந்துச்சு.”

“எத்தனை பேரை எழுதினீர்?”

“ஆறு.”

“ஏன்?”

ராஜு மணலைப் பார்த்தார்.

“ஏழு தலை நின்னா பாய் சின்னதாப் போயிடுது, சாமி. ஒரு தலையை எடுத்தேன். பாய் எழும்பி நின்னுச்சு.”

“எடுத்தது சிங்காரத்தோட தலையா?”

“தெரியாது.”

“வச்சதெல்லாம் யாரோட தலை?”

“அதுவும் தெரியாது. ஒருத்தர் முகத்தையும் நான் பார்க்கல. அந்த மூலையிலே ஒரு சிவப்பு வேணும்னு தோணுச்சு. முண்டாசா வச்சேன்.”

“அதைப் பார்த்துத்தான் தண்டலோட பெண்சாதி விழுந்தாளோ?”

“ஆமாம்.”

“சேவல்?”

“சேவல் இருந்துச்சு, சாமி!” என்றார் ராஜு சட்டென்று.

சொன்ன வேகம் அவர் காதிலேயே விழுந்தது. தலை கவிழ்ந்தார்.

சாமி சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

தமக்கு ஒரு வழி தோன்றுவதாக ராஜு மெல்லச் சொன்னார். அதற்காகவே பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். பாய்மரத்தின் அருகே ஒரு தலை. இரண்டு தீற்றல் போதும். தூசி மறைத்திருந்தது, துடைத்ததும் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். அவளும் போகாமல் நின்றுவிடுவாள். தம் பெயரும் நின்றுவிடும். ஆறு வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் தெரிய வராது. சாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சாமி வேட்டியில் கையைத் துடைத்தார்.

“வாரும்.”

பண்டகசாலையில் மரைக்காயர் இல்லை, தொழுகைக்குப் போயிருந்தார். கணக்கப்பிள்ளை கூடத்தைத் திறந்துவிட்டு விலகிக்கொண்டார்.

சாமி சித்திரத்தின் முன் நின்றார். பாயின் ஒட்டுகளைப் பார்த்தார். பாய்மரத்துக் கயிற்றைப் பார்த்தார். சேவலின் முன் சற்று நேரம் நின்றார். அதன்பிறகு ஆறு உருவங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ராஜு தம்மையறியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நிலையிலும் அந்த ஒரு சொல்லுக்காக உள்ளே ஏதோ ஒன்று காத்துக்கிடந்தது. அது தெரிந்தபோது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“ஏழாவது ஆள் நின்ன இடம் எது?”

பாய்மரத்துக்கு இடப்பக்கம், இரண்டு உருவங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை ராஜு காட்டினார்.

சாமி தம் உள்ளங்கையை அந்த இடத்தின் மேல் வைத்தார். உடம்பில் நோவுள்ள இடத்தில் வைப்பதைப்போல வைத்தார். வைத்தபடியே சிறிது நேரம் நின்றார்.

கையை எடுத்தார்.

“பெட்டியைத் திறக்க வேண்டாம். அவகிட்ட போம். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லும்.”

“அவ என்ன கேப்பா, சாமி?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அவளா?”

சாமி போய்விட்டார்.

ராஜு அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். கருநீலம். அதன்மேல் மூன்று வெள்ளைக் கீற்றுகள். மூச்சைப் பிடித்து ஒரே ஓட்டத்தில் இழுத்தவை. எழுதிய அன்று அவருக்கு மிகவும் பிடித்திருந்தவை. வேறொன்றும் அங்கே இல்லை. சாமி என்ன காட்டினார் என்பது அவருக்கு விளங்கவில்லை.

கரையில் கூட்டம் இருந்தது. தொலைவில் நின்ற கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுசெல்லப் படகு ஒன்று அலையில் ஆடிக்கொண்டிருந்தது. கங்காணி சத்தமாகப் பெயர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தான். பேரைக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், தூக்காதவரைத் தூக்கிக்கொண்டு போக நான் உங்கள் மாமன் இல்லை என்று அவன் சொல்ல, இரண்டொருவர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் கண்களும் ஊரின் பக்கமே இருந்தன.

தையல்நாயகி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. குழந்தை மடியில் இருந்தது. ராஜுவைக் கண்டதும் எழுந்தாள்.

“வழியனுப்ப வந்தீங்களா, அய்யா?”

ராஜு பெட்டியை மணலில் வைத்தார்.

மூட்டையில் தன் கணவரின் வேட்டி ஒன்று இருக்கிறது என்றாள் அவள். மலையில் குளிருமாம், போட்டிருக்கும் துணியோடு போனவர் என்ன செய்வார்? தன்னைக் கண்டதும் முதலில் கத்துவார், பிறகு குழந்தையை வாங்கிக்கொள்வார் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க, அய்யா. கேட்டுக்கிட்டு ஏறுறேன். பார்த்ததை விட மாட்டீங்கதானே?”

கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“விட்டேன்மா,” என்றார் ராஜு.

அவளுக்கு விளங்கவில்லை.

“எதை?”

“ஒரு ஆளை.”

“அப்ப எத்தனை பேரு?”

“ஏழு பேர். எண்ணினேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ராஜு தம் வாழ்நாளில் எந்த முகத்தையும் இவ்வளவு அருகில், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடப்புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. கீழுதடு வெடித்திருந்தது.

“எதுக்கு விட்டீங்க?”

“சித்திரம் அழகா வரணும்னு.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். மணலை வாரி இறைப்பாள் என்று காத்திருந்தார். இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை வண்ணப் பெட்டியின் கொக்கியைத் திறக்கப் பார்த்தது. அவளே குனிந்து அதன் கையை விலக்கினாள். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

“விட்ட எடத்தை வெறுமனே விட்டுட்டீங்களா?”

“இல்லைம்மா.”

“அங்க என்ன எழுதினீங்க?”

ராஜு வாயைத் திறந்தார். கண்முன் ஓர் உள்ளங்கை வந்து நின்றது; பிறகு விலகியது.

“தண்ணி,” என்றார்.

கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டான்.

அவள் கையைத் தூக்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டான். சுற்றிலும் பார்த்தான். அடுத்த பெயருக்குப் போனான்.

படகு தள்ளிவிடப்பட்டது. அலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அது கப்பலின் பக்கம் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு கரும்புள்ளியாகும்வரை பார்த்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து, வேட்டியை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மத்த ஆறு வீட்டுலயும் இதைச் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு ஆளு இருக்கட்டும்.”

ராஜு தலையசைத்தார்.

அவள் வேட்டியின் ஓரத்தை நீவிவிட்டாள். முகம் கடலின் பக்கம் இருந்தது.

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க, அய்யா.”